அப்பா ஒரு சம்பளத்தில் கட்டிய வீட்டை நாங்கள் இருவர் சம்பாதித்தும் ஏன் கட்ட முடியவில்லை?

கேட்டிருப்பவர் தருமபுரிக்காரர். அவருடைய அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். ஒரே சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, தொண்ணூறுகளின் நடுவில் சொந்த வீடும் கட்டிவிட்டார். மகனும் மருமகளும் இன்று ஓசூரில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் பிடித்தம் போக மாதம் 75,000 ரூபாய் கைக்கு வருகிறது. இருந்தும் வீட்டுக்கணக்குப் போட்டால் மனையிலேயே நின்றுவிடுகிறது. “எங்களுக்குச் சிக்கனம் தெரியவில்லையா, இல்லை எங்கள் தலைமுறையே ஏழையாகிவிட்டதா?” என்பது கேள்வி.

இரண்டும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் வங்கியின் வீட்டுக்கடன் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்பதால், கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிக்கனப் பேச்சை ஓரம் வைப்போம். ஓட்டல், செல்போன், துணிமணி என்று நீங்கள் மாதம் 3,000 ரூபாய் ‘வீணாக்குவதாக’ உறவினர்கள் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே பத்து வருடம் சேர்த்தால் 3,60,000 ரூபாய். ஓசூர்ப் புறநகரில் முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்றுக்குச் சதுர அடி 2,500 ரூபாய் என்று கணக்குக்காகப் போட்டால் 1,200 சதுர அடிக்கு 30 லட்சம். பத்து வருடச் சிக்கனம் அதில் எட்டில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. அதற்குள் மனை விலை சும்மா இருக்கப்போவதும் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லும் பெற்றோர் தயவுசெய்து இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கை முடித்துவிடுவோம். மனை 30 லட்சம். அதில் 900 சதுர அடி வீடு, கட்டுமானத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம். மொத்தம் 50 லட்சம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். ஆக 40 லட்சம் கடன். மீதி 10 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று மனைக்கே 2,70,000 ரூபாய் தனி. அதற்கு வங்கி கடன் தராது. வட்டி 8.5 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 20 வருடத்துக்குத் தவணை 34,713 ரூபாய். முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,380 மட்டும். 20 வருடம் கட்டி முடிக்கும்போது 83 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

உங்கள் வருமானத்தில் இது 46 சதவீதம். வங்கி கொடுத்துவிடும். ஆனால் வீடு கட்டும் மாதங்களில் தவணையும் வாடகையும் சேர்ந்து விழும். குழந்தையின் பள்ளிக் கட்டணம் ஜூன் மாதத்தில் மொத்தமாக நிற்கும். இருவரில் ஒருவருக்கு வேலை போனால், மறு மாதமே மற்றவர் சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கே சரியாகிவிடும். உங்களுக்கு வரும் பயம் நியாயமான பயம்.

இப்போது அப்பாவிடம் வருவோம். அவர் சம்பளத்தில் வீடு கட்டினார் என்பது முழு உண்மை அல்ல. உங்கள் அப்பாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தலைமுறையில் அநேகமாக யாருமே சம்பளத்தை மட்டும் வைத்துக் கட்டவில்லை. இடம் பூர்விகமாக வந்திருக்கும். அல்லது பணியில் சேர்ந்த புதிதில், ஊருக்கு வெளியே புளியமரம் நின்ற மேட்டில், யாரும் குடிபோகத் துணியாத இடத்தைச் சொற்ப விலைக்கு வாங்கிப் போட்டிருப்பார். அம்மாவின் நகையில் ஒரு பகுதி கடைக்காலோடு போயிருக்கும். வருங்கால வைப்பு நிதியில் ஒரு முன்பணம், அரசின் வீடு கட்டும் முன்பணம், கூட்டுறவு வீட்டு வசதி சங்கத்தில் ஒரு கடன், சீட்டு எடுத்த பணம், மாமனார் கொடுத்த மரம் என்று ஏழெட்டு வாய்க்கால்களில் தண்ணீர் வந்து நிரம்பிய குட்டை அது.

அந்த வீட்டை ஒரே மூச்சிலும் கட்டவில்லை. கோப்பில் இருக்கும் வரைபடத்தையும் நேரில் நிற்கும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் கட்டமாக இரண்டு அறை, சமையலறை, மேலே சீமை ஓடு. கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் கருங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை. அடித்தளம் மட்டுமல்லாமல் ஜன்னல் மட்டம் வரைகூடக் கல்லிலேயே எழுப்பிவிடுவார்கள். பூச்சு வேலை உள்பக்கம் மட்டும். வெளிச்சுவர் செங்கல் தெரிய ஐந்தாறு மழைக்காலம் நனையும். அடுத்த ஊதிய உயர்வில் முன்னறைக்குக் கான்கிரீட் தளம். மூத்தவளின் கல்யாணத்துக்கு முன்பு சுண்ணாம்பும் மொசைக் தரையும். மொட்டை மாடியில் தூண் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருப்பார்கள், துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்ட் பால் அடித்து. மகன் தலையெடுத்து மாடி கட்டுவான் என்ற கணக்கு. தருமபுரியில் இன்றும் பல தெருக்களில் அந்தக் கம்பிகள் அப்படியே நிற்கின்றன, மகன்கள் ஓசூரிலும் பெங்களூரிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருந்தால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு ஒரு பயன் சொல்கிறேன்.

இன்று அப்படிப் பகுதி பகுதியாகக் கட்ட வழியில்லை. வங்கிக் கடனில் கட்டும்போது அங்கீகரித்த வரைபடப்படி குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். பாதி வீட்டுக்குக் குடிபோகிற பழக்கமும் குறைந்துவிட்டது. பதினைந்து வருடத்தில் பரவிய செலவை இன்றைய தம்பதி பதினெட்டு மாதத்தில் சுமக்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த வீடு மலிவாக எழுந்ததற்குக் கொத்தனாரும் சித்தாளும் வாங்கிய கூலி மிகக் குறைவாக இருந்ததும் காரணம். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் வறட்சிக்குப் பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள் கிடைத்த கூலிக்குக் கல் சுமந்தார்கள். இன்று கட்டுமானச் செலவு ஏறியதில் ஒரு பங்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறது. அவர்கள் பிள்ளைகள் கல்லூரி போகிறார்கள். அந்தப் பங்கைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஆற்று மணல் போய், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்தது, கம்பி விலை, 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்தபோது ஜல்லி விலை ஏறியது என்பதெல்லாம் சேர்ந்தாலும், உங்களைத் தடுத்து நிறுத்துவது கட்டடச் செலவு அல்ல. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 50 லட்சத்தில் 30 லட்சம் மண்ணுக்கு. அப்பா காலத்தில் வீடு கட்டியவர்களின் கோப்புகளில் இது தலைகீழ். மனைதான் சின்னத் தொகை, கட்டடமே பெரிய தொகை.

மண் ஏன் அப்படி ஏறியது? ஓசூரின் கதையைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் எண்பதுகளில் வரிசையாக வந்தன. அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு கொடுப்பது யாரோ ஒருவரின் பொறுப்பாக இருந்தது. டைட்டன் நிறுவனம் மத்திகிரியில் ஊழியர்களுக்காகவே ஒரு குடியிருப்பைக் கட்டியது. வீட்டுவசதி வாரியம் நகரத்துக்குள் மனைகளும் வீடுகளும் ஒதுக்கியது; 1970-ல் தொடங்கப்பட்ட ஹட்கோ என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பெயராலேயே இன்றும் ஓசூரில் குடியிருப்புகளும் ஒரு காவல் நிலையமும் வழங்குகின்றன. ஆலைத் தொழிலாளி ஒருவர் தவணையில் வாரிய வீடு எடுத்து, பணி ஓய்வுக்கு முன் பத்திரத்தைக் கையில் வாங்கிவிடலாம் என்ற நிலை உண்மையிலேயே இருந்தது.

பிறகு நடந்தது வேறு. பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி வளர்ந்தது. 2010 தொடக்கத்தில் அங்கே உயர்மட்டச் சாலை திறந்ததும், 40 கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் ஓசூர் பெங்களூரின் ஒரு புறநகர்போல ஆகிவிட்டது. அங்கே வாங்க முடியாதவர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டி இங்கே வந்தார்கள். அவர்களுக்கு இந்த விலை மலிவு. ஓசூர் ஆலையில் சம்பளம் வாங்குபவருக்கு அதே விலை மலை. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. 2024 ஜூனில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஒரு செங்கல் வைக்கும் முன்பே விலைப்பட்டியல் மாறுவதை இந்தச் சாலைகளில் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். பெரிய மின்னணு ஆலை, மின்சார ஸ்கூட்டர் ஆலை என்று கெலமங்கலம், போச்சம்பள்ளிப் பக்கங்களும் இந்தச் சுழலில் வந்துவிட்டன. அதாவது, இங்கே நிலத்தின் விலையை இங்கே உள்ள கூலி தீர்மானிப்பதில்லை. பெங்களூரின் சம்பளமும், நாளைக்கு என்ன வரும் என்ற எதிர்பார்ப்பும் தீர்மானிக்கின்றன.

இதற்குச் சான்று வாடகை. 50 லட்சம் பெறுமானமுள்ள அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 12,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,44,000, முதலீட்டில் மூன்று சதவீதம்கூட இல்லை. நாம் போட்ட கடன் வட்டி 8.5 சதவீதம். குடியிருப்பதற்கான மதிப்பை மட்டும் பார்த்தால் யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள். விலை ஏறும் என்பதற்காகக் கொடுக்கிறார்கள். பாகலூர், பேரிகை, சூளகிரி, ராயக்கோட்டைச் சாலைகளில் எல்லைக்கல் மட்டும் நட்டு, தார்ச்சாலை போட்டு, முள் முளைத்துக் கிடக்கும் மனைப்பிரிவுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார், குடியிருப்பவர்தான் இல்லை. மாந்தோப்பும் ராகிக் கொல்லையும் அழிந்தன, வீடும் வரவில்லை. இந்த ஊர்க்காரனாக எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

காலவரிசையில் பார்த்தால், உண்மையான அதிர்ஷ்டசாலிகள் உங்கள் தாத்தாவோ அப்பாவோகூட அல்ல. 2000-லிருந்து 2006 வரை வாங்கியவர்கள். இதைத் தங்கத்தை வைத்துச் சொல்கிறேன், நம் வீடுகளில் கடைசியில் எல்லாம் பவுனில்தான் வந்து நிற்கும். மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கான அடிப்படைச் சம்பளம் 1986-ன் ஊதியக் குழுவில் 750 ரூபாய். அது அன்று அரைப் பவுனுக்கும் குறைவு. 1996-ல் 2,550, அரைப் பவுனுக்குச் சற்று மேல். 2006-ல் 7,000, ஏறக்குறைய ஒரு பவுன். 2016-ல் 18,000; முக்கால் பவுனுக்கு அருகில். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியபோது, அதே 18,000-த்துடன் 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்குப் பவுன்தான். சமீபத்தில் தங்கமே தாறுமாறாக ஏறியதால் இந்த அளவுகோல் இன்றைய நிலையைக் கொஞ்சம் மிகையாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் 2006 வரையிலான ஏற்றம் பொய்யல்ல. அந்த ஆண்டுகளில்தான் வீட்டுக்கடன் வட்டியும் தொண்ணூறுகளின் 13, 14 சதவீதத்திலிருந்து இறங்கி, 2003, 2004 வாக்கில் எட்டு சதவீதத்தை ஒட்டி வந்தது. நிலம் இன்னும் ஏறத் தொடங்கவில்லை. சம்பளம், வட்டி, நிலம் மூன்றும் ஒரே திசையில் சாதகமாக நின்ற காலம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதோடு ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை மொத்தமாக வந்தபோது ஆசிரியர்களும் மின்வாரிய ஊழியர்களும் வாங்கிப் போட்ட மனைகள் ஏராளம். அவற்றில் பல அங்கீகாரம் இல்லாதவை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோதுதான், வாங்கியது மனையா வெறும் புஞ்சையா என்று பலருக்கும் உறைத்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் வழி செய்தார்கள். அலைந்து கட்டணம் கட்டி மீண்டவர்கள் உண்டு, இன்னும் கோப்போடு நடப்பவர்களும் உண்டு.

இப்போது கடனைப் பற்றி ஒரு வார்த்தை. 13 சதவீத வட்டியில் அப்பா கட்டினார், எட்டரையில் நீ கட்டமாட்டாயா என்பார்கள். அசல் சிறியது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1996-ல் ஒரு லட்சம் கடனுக்கு 13 சதவீதத்தில் 15 வருடத் தவணை 1,265 ரூபாய். அந்தத் தொகை கடைசிவரை மாறாது. ஆனால் அரசுச் சம்பளம் மேலே சொன்னபடி பத்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. அகவிலைப்படியை அடிப்படைச் சம்பளத்தோடு இணைத்ததும் அதில் சேர்ந்ததுதான், இருந்தாலும் கையில் வந்த ரூபாய் ரூபாய்தான். முதல் வருடம் கழுத்தை நெரித்த தவணை எட்டாம் வருடம் மளிகைக் கணக்கைவிடச் சின்னதாகிவிடும். பணவீக்கம் அந்தத் தலைமுறைக் கடனாளிகளுக்கு உதவி செய்தது. அரசின் வீடு கட்டும் முன்பணத்தில் இன்னொரு சலுகையும் உண்டு: தனிவட்டி, முதலில் அசலைப் பிடித்து முடித்துவிட்டுப் பிறகு வட்டி பிடிப்பார்கள்.

உங்களுக்கு அந்த உதவி கிடைக்குமா என்பதுதான் என் கவலை. தொழிற்பேட்டைகளில் இன்று சேரும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒப்பந்தத்தில், பயிற்சியாளர் என்ற பெயரில் சேர்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வருடா வருடம் புதுப்பிக்கும் வேலைக்கு இருபது வருடக் கடன் எப்படிப் பொருந்தும்? வங்கி தயங்குகிறது. அவர்கள் வீட்டுக்கடன் நிதி நிறுவனங்களுக்குப் போய் மூன்று, நான்கு சதவீதம் கூடுதல் வட்டி கட்டுகிறார்கள். அதிக அபாயத்தில் இருப்பவரே அதிக வட்டி கட்டும் நிலை. அரசு வேலையே ஆனாலும் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தில் இல்லை. பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் அப்பா கையிலிருந்ததையெல்லாம் வீட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியதற்குக் காரணம், சாகும்வரை மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற உறுதி. நீங்கள் வீட்டுக்கும் சேர்க்க வேண்டும், முதுமைக்கும் சேர்க்க வேண்டும், அதே சம்பளத்திலிருந்து. என்னைக் கேட்டால், இரண்டு தலைமுறைக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசம் மனை விலையைவிட இதுவே.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல என் நாக்கு வராது. யாருடைய தாத்தாவைப் பற்றிப் பேசுகிறோம்? 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானபோது, இங்கே மாதச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் மிகச் சில. ஆசிரியர், வருவாய்த் துறை, மின்வாரியம், அஞ்சலகம், அவ்வளவுதான். மற்றவர்கள் களியும் புளிக்குழம்புமாக மழையை நம்பி இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பிலும் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரிதான். ‘ஒரு சம்பளத்தில் வீடு’ என்ற நினைவு அந்தச் சில குடும்பங்களின் நினைவு. நிலமே இல்லாதவர்களின் தாத்தா குடிசையில் பிறந்து குடிசையில் செத்தார். அவர் பேத்தி இன்று ஆலையில் சம்பளம் வாங்கி, வங்கியில் வந்து வீட்டுக்கடன் விண்ணப்பம் கேட்கிறாள். அவளுக்குக் கடன் மறுக்கப்படலாம். ஆனால் கேட்கும் இடத்துக்கு அவள் வந்திருக்கிறாள். நடுத்தர வர்க்கம் என்பதே நம் பக்கம் புதிது. வருபவர்களின் எண்ணிக்கை கூடியதும் மனைக்குப் போட்டி கூடியதற்கு ஒரு காரணம்.

வீட்டுக்குள்ளும் எவ்வளவோ மாறியிருக்கிறது. அப்பா கட்டிய வீட்டில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்திருக்கும், அதுவும் பிற்பாடு கட்டியதாக இருக்கும். கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ஃபுளூரைடு கலந்து, பல்லில் காவிக் கறையும் முட்டியில் வலியுமாக ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்த பிறகுதான் அதற்கு ஒரு தீர்வு கிடைத்தது. தொலைபேசி இணைப்புக்கும் ஸ்கூட்டருக்கும் சமையல் எரிவாயுவுக்கும் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பெரிய வியாதி என்றால் சேலத்துக்கோ வேலூருக்கோ போக வேண்டும். இன்று தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. டி.வி., துணி, பைக், போன் எல்லாம் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மலிந்துவிட்டன. ஆலையில் செய்யக்கூடியதெல்லாம் மலிந்தது. ஆலையில் செய்ய முடியாத நிலமும், நல்ல பள்ளி, நல்ல தனியார் மருத்துவமனை என்று நாம் போட்டி போட்டு வாங்குபவையும் எட்டாமல் போயின. அரசுப் பள்ளி ஆசிரியரான உங்கள் அப்பா உங்களை அரசுப் பள்ளியில்தான் படிக்கவைத்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் அப்படிச் செய்யத் துணிவதில்லை. உங்கள் வீட்டு முன்பணம் வருடா வருடம் ஜூன் மாதத்தில் கரையும் இடம் அது. நல்ல அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்தால் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பேன்.

அரசு செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆலைக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் எடுத்துத் தரும்போது, அதில் வேலை செய்யப்போகிறவர் எங்கே குடியிருப்பார் என்ற கேள்வியும் அதே கோப்பில் இருக்க வேண்டும். எண்பதுகளில் அந்தக் கேள்வி இருந்தது. வீட்டுவசதி வாரியம் விற்பதற்காக மட்டும் கட்டாமல், ஓசூர், சூளகிரி, பர்கூர் வட்டாரத்தில் நியாயமான வாடகை வீடுகளைக் கட்டி வைத்துக்கொண்டால், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் கடனுக்கு ஓட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கும் மனைக்கு உறைக்கிற மாதிரி வரி போட்டால் அந்த முள்காடுகளில் கொஞ்சம் சந்தைக்கு வரும். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்தது நல்லதுதான். ஆனால் ஓசூரில் 10 லட்சத்துக்கு இன்று எங்கே மனை கிடைக்கிறது?

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? விமான நிலையம், மெட்ரோ என்ற விளம்பரத்தை நம்பி ஓசூரில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். 12,000 வாடகை கொடுப்பது பணத்தை வீணாக்குவது என்று யார் சொன்னாலும், முதல் மாதத் தவணையில் 28,333 வட்டி போகும் கணக்கை அவர்களிடம் காட்டுங்கள். வாங்கியே தீர வேண்டுமென்றால், இருவரில் குறைவாகச் சம்பாதிப்பவரின் சம்பளத்துக்குள் தவணை அடங்க வேண்டும். அதற்கு எவ்வளவு கடன் வருமோ அதுவே உங்கள் எல்லை. ஆறு மாதத் தவணையைக் கையில் தனியாக வைத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்று விற்பவர் சொல்வார்; புதிய வரி முறையில் இருந்தால், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

உங்கள் அப்பாவின் வீட்டு மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு பொறியாளரை அழைத்துத் தூணும் அடித்தளமும் இன்னும் தாங்குமா என்று பாருங்கள். துரு ஏறியிருந்தால் சரிசெய்ய வழி உண்டா என்பதையும் அவரே சொல்வார். தாங்கும் என்றால், மண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போகாமல் 15, 20 லட்சத்தில் மாடியில் ஒரு வீடு எழும். 15 லட்சம் கடன் என்றால் தவணை 13,000 ரூபாய்தான். ஓசூரில் வேலை இருக்கும்வரை அதை வாடகைக்கு விடுங்கள். கூடப் பிறந்தவருடன் பேசி, மாடி யாருக்கு, அடிநிலம் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அப்பா இருக்கும்போதே பத்திரத்தில் எழுதிப் பதிந்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் நிற்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

மனைதான் வேண்டும் என்றால் காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டினம் பக்கங்களில் பாருங்கள். ஓசூர் விலை அங்கே இன்னும் முழுதாக வரவில்லை. நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகார எண்ணையும், ரெரா எனப்படும் வீடு மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் விற்பவர் காட்டும் தாளில் பார்த்தால் போதாது, அரசு இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கு எடுங்கள். பட்டாவில் உள்ள பெயரும் தாய்ப்பத்திரத்தில் உள்ள பெயரும் ஒரே வழியில் வருகின்றனவா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கடைசியாக, மனையை ஏப்ரல், மே மாதத்தில் போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்து வீடுகளில் போர் எத்தனை அடி போட்டார்கள், தண்ணீர் வருகிறதா, லாரியில் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். ஆயிரம் அடி போட்டும் வரவில்லை என்று இரண்டு வீட்டில் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே வாங்க வேண்டாம்.